இரு கூறான விசைப்பலகையும் தமிழ் எழுத்தும்

மெய் முன்னும் உயிர் பின்னுமாகக் கூடி உயிர்மெய் பிறக்கும் என்று சிறாருக்குக் கற்பிக்கிறோம். ஆயின், தமிழைப் பொறியில் அடித்த விரல்கள் நெடுங்காலம் இம்முறையைத் தலைகீழாகவே பயின்றன.

யாழ்ப்பாணத்தினின்று 1907இல் மலாயா வந்த இரா. முத்தையா வகுத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியைச் செருமனியின் செயிடல் நௌமான் நிறுவனம் செய்தளித்தது. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுள் அடக்க வேண்டும். அதற்குத் துணைநின்றது நகரா விசை. அதனை அழுத்தினால் குறி தாளில் பதியும், உருளை நகராது, அடுத்த எழுத்து அவ்விடத்திலேயே வந்து பொருந்தும். எனவே 'கி' என அடிக்க இகரக் குறி முதலில், ககரம் பின்னர். பயிற்சி முடித்து வந்த புதிதில் தோட்டப் பள்ளி வினாத்தாள்களை யானும் அவ்வாறே அடித்தேன். காலையில் கற்பித்தது ஒன்று. மாலையில் விரல் செய்தது மற்றொன்று!

கணினி வந்தபின் இம்முரண் நீங்க வழி பிறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' விசைமுறை உருப்பெற்றது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலிலும் அது இடம்பெற்றது. கோலாலம்பூர் 2001இல் அடுத்தொரு தமிழிணைய மாநாட்டைக் கண்டது.

அம்முறையில் 31 எழுத்துகளே விசைகள். உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் இடக்கைக்கு. மெய்களுள் வகரமும் ஙகரமும் ஒழிந்தன வலக்கைக்கு. ககரத்தின்பின் இகரம் அழுத்தக் 'கி' வரும். 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ போதும். இனவெழுத்து தொடர்வதறிந்து புள்ளி தானே விழும். இலக்கணம் விரலுக்கு இறங்கியது இங்கேதான் என்பது என் கருத்து.

அண்மையில் பிரிக்பீல்ட்சில் வாழும் பழைய மாணவர் ஒருவர் தாமே செய்த விசைப்பலகையைக் காட்டினார். மணிக்கட்டு வளையாதிருக்க அது இரு துண்டாகப் பிரிந்து, கைக்கொன்றாக இருந்தது. உயிர் ஒரு துண்டில், மெய் மறு துண்டில்! தமிழுக்கென்றே பிளந்தது போலும் என மகிழ்ந்தேன். அவரோ, "ஐயா, சகரத்தைக் காணோமே" என்றார்.

உண்மைதான். சகரமும் ஞகரமும் ஆங்கிலப் பலகையில் சதுர அடைப்புக்குறிகள் இருக்கும் வலக்கோடி விசைகளில் உள்ளன. ஆங்கிலத்தையே கருதிப் பலகையைச் சுருக்குவோர் அவற்றையும் வெட்டிவிடுவதுண்டு.

இதற்கு மருந்து பலகையினுள்ளேயே உண்டு. அதிலுள்ள சிறு சில்லு எந்த விசை அழுந்தியது எனக் கண்டு ஓர் எண்ணை மட்டுமே கணினிக்கு அனுப்பும். எழுத்தாக்குவது கணினியின் வேலை. எந்த விசைக்கு எந்த எண் என்பதைச் சில்லில் பதிந்த நிலைபொருள் முடிவு செய்யும். அதனை மாற்றி எழுத, மாணவரின் வலப்பெருவிரல் விசை சகரமாயிற்று. ஞகரத்திற்கு இன்னும் இடம் தேடுகிறார்.