அரை வோல்ட்டின் கதை
2019 கோடையில் புழல் ஏரி பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. "தண்ணியெல்லாம் எங்கதான் போச்சு?" என்று கரையில் நின்று கேட்டேன். ஆவியானது மழையாய்த் திரும்பும். ஆனால் துளியளவு திரும்புவதே இல்லை.

வெகு உயரத்தில் சூரிய ஒளி நீராவியை உடைக்கிறது. பிரிந்த ஹைட்ரஜன் மேலேறி அயனியாகிறது. துருவங்களில் விண்வெளிக்குத் திறந்திருக்கும் காந்தக்கோடுகள் வழியே தப்பிவிடுகிறது. 1968இல் இயன் ஆக்ஸ்ஃபோர்டு இதைத் 'துருவக் காற்று' என்றார். இலேசான எலெக்ட்ரான்கள் முந்தி ஏற, அயனிகளையும் கூடவே இழுக்கும் மின்புலம் ஒன்று இருக்குமென்று ஊகித்தார்கள்.

அதை அளக்க 54 ஆண்டுகள் ஆயின. நம் ஹிமாத்ரி ஆய்வுநிலையம் இருக்கும் ஆர்க்டிக் ஊரான நை-ஆலசுண்டிலிருந்து 2022 மே 11 அன்று நாசாவின் எண்டூரன்ஸ் ராக்கெட் கிளம்பியது. கிடைத்த அளவு 0.55 வோல்ட்! சுவர்க்கடிகார பேட்டரியில் பாதிகூட இல்லை. ஆனால் ஹைட்ரஜன் அயனியை ஈர்ப்புவிசையைப்போல் பத்து மடங்குக்கும் மேலான விசையோடு தள்ள அது போதும்.

புழலை வற்றடித்தது இது இல்லைதான். பூமி கோடிக்கணக்கான ஆண்டுகளாய்ச் சொட்டுச் சொட்டாக இழக்கிறது. நாங்களோ ஒரே கோடையில் குடத்தோடு தெருவுக்கு வந்துவிட்டோம்.