புள்ளியும் படமும்

1898-இல் கியூரி இணையர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் அதனைக் குழாயில் அடைத்துக் கருப்பையினுள் வைத்து, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தீர்க்க முற்பட்டனர். தொலைவு கூடக்கூடக் கதிரின் வலிமை விரைந்து குறையும். ஆதலின் நோயுற்ற பகுதி மிகுதியாகவும், அண்டையிலுள்ள சிறுநீர்ப்பையும் மலக்குடலும் குறைவாகவும் கதிர் பெறும். உட்கதிர் மருத்துவத்தின் அடிப்படை இதுவே.

ஆனால், கதிரை எவ்விடத்தில் அளப்பது? 1938-இல் மான்செஸ்டர் நகரில் டாட், மெரிடித் ஆகிய இருவரும் இதற்கு விடை கண்டனர். யோனியின் மேல்மடிப்பிலிருந்து 2 செ.மீ. மேலாகவும், கருப்பையின் நடு அச்சிலிருந்து 2 செ.மீ. பக்கவாட்டிலும் அமைந்த இடத்தை 'ஏ புள்ளி' என்றனர். அதுவே உலகெங்கும் அளவுகோலாயிற்று. எனினும், எக்ஸ்-கதிர்ப் படத்தில் கருவி தெரிந்ததேயன்றிக் கட்டி தெரியவில்லை. பெருங்கட்டி உடையவளுக்கும் சிறுகட்டி உடையவளுக்கும் அளவு ஒன்றே. முன்னவளின் கட்டியோரம் போதிய கதிரின்றித் தப்பக்கூடும். பின்னவளின் நல்லுறுப்பு வீணே கதிரேற்கக்கூடும்.

எம்.ஆர்.ஐ. படம் இக்குறையைப் போக்கிற்று. கருவியை உள்ளே பொருத்திய பின் படமெடுத்து, கட்டியின் எல்லையை வரைந்து, அதற்கேற்பக் கதிரை வகுக்கலாயினர். 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய அறிஞர் குழு இதற்கு நெறிகள் வகுத்தது. 2008-இல் தொடங்கிய 'எம்பிரேஸ்' ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. ஐந்தாண்டு அளவில் நூற்றுக்கு 92 பெண்களுக்கு நோய் அவ்விடத்திலேயே அடக்கப்பட்டிருந்தது.

எம்.ஆர்.ஐ. வாய்ப்பற்ற இடங்களில் பழைய புள்ளி இன்றும் வழிகாட்டுகிறது. அதன் பெருமை குறைவன்று. ஆயினும், எல்லார்க்கும் பொதுவாய் இருந்த அளவு, ஒருத்திக்கே உரிய அளவாக மாறியதே இவ்வரலாறு காட்டும் உண்மையாகும்.