பாலம் கட்டிய வணிகரும் நமது நன்றியும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



வீடு மந்திரிப்புக்குச் செல்லும் குருக்கள் எல்லாருக்கும் பழக்கமான காட்சி இது. புது வீட்டின் வாசல் நிலைக்கு மேலே ‘இறைவனின் கொடை’ என்று எழுதியிருக்கும். நமது வேப்பம்பட்டைச் சுற்றி அப்படிப்பட்ட வீடுகள் பல எழுந்திருக்கின்றன. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஷிப்ட் வேலை பார்த்து, நகையை அடகு வைத்து, வங்கிக் கடனுக்கு மாதத் தவணை கட்டி எழுப்பிய வீடுகள் அவை.

அப்படி ஒரு வீட்டில் மந்திரிப்பு முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஃபாதர், தப்பா நினைக்காதீங்க. பதினைஞ்சு வருஷமா நைட் ஷிப்ட் பார்த்தது நான், வட்டி கட்டினது நான். எல்லாம் கடவுள் தந்ததுன்னா நான் செஞ்சது என்ன? என்னோட வேலைக்குச் சேர்ந்தவன் இன்னும் கான்ட்ராக்ட்லதான் இருக்கான். அவனுக்குக் கடவுள் தரலையா?”

நேர்மையான கேள்விகள். நம்மில் பலர் மனத்துக்குள் வைத்திருப்பதை அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். இவற்றுக்குப் பதில் தேடி இன்று சென்னைக்குப் போய்வருவோம்.

வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறி, புனித தோமையார் மலைக்குத் திருப்பயணம் போனவர்கள் நம் பங்கில் பலர் உண்டு. மலையேறும் படிகளில் செபமாலை சொல்லியபடி ஏறியிருப்பீர்கள். பேருந்தில் போனவர்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் உள்ள மறைமலை அடிகள் பாலத்தையும் கடந்திருப்பீர்கள். இந்தப் படிகளையும், அந்த இடத்தில் முன்பு இருந்த பழைய பாலத்தையும் கட்டியவர் ஒரே மனிதர். அவர் பெயர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான்.

அவர் ஆர்மேனியர். பாரசீகத்தில் உள்ள ஜூல்ஃபா என்ற ஊரிலிருந்து வந்தவர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னைப் பட்டணத்தில் வணிகம் செய்தார். அவருடைய வணிகம் கடல் கடந்து மணிலா வரை சென்றது. ஆற்காட்டு நவாபுக்கும் கோட்டையில் இருந்த ஆங்கிலேயருக்கும் இடையே பேசத் தக்க செல்வாக்கும் அவருக்கு இருந்தது. வேற்று நாட்டில், வேற்று மொழி பேசும் மக்களிடையே, தன் முயற்சியால் முன்னுக்கு வந்தவர் என்று எவரும் சொல்லத்தக்க மனிதர்.

அந்நாளில் தோமையார் மலைக்குப் போகிறவர்கள் அடையாற்றைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பயணம் தடைப்படும். பெட்ரூஸ் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் 1726-இல் அங்கே ஒரு பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று அதை அழைத்தார்கள். மாம்பலம் என்ற நம் ஊர்ப்பெயரே ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆயிற்று என்பர். பாலத்துக்கு 30,000 வராகன் செலவானதாக வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். மலைமேல் உள்ள ஆலயத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கற்படிகளையும் அவர் அமைத்தார். பாலமும் படிகளும் பழுதுபடாமல் காக்கத் தனியாகப் பணமும் ஒதுக்கி வைத்தார்.

பழைய பாலம் இன்று இல்லை. அதன் கல்வெட்டுத் தூண் சைதாப்பேட்டையில் நிற்கிறது. இலத்தீன், ஆர்மேனியம், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் பொறித்த கல்வெட்டு அது. தம் பெயரை அவர் மறைக்கவில்லை. ஆனால் பெயரோடு தம் முன்னோரின் பெயரையும், தம் இனத்தின் பெயரையும் சேர்த்தே பொறித்தார். எதற்காகக் கட்டினார் என்பதற்கு இலத்தீன் கல்வெட்டு சொல்லும் காரணம் ஒன்றுதான்: பொது நன்மைக்காக.

அன்பு நேயர்களே, அந்த வீட்டுக்காரரின் முதல் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. கடவுளுக்கு மகிமை கொடுப்பதற்கு நம் உழைப்பை மறுக்க வேண்டியதில்லை. பாலத்தைக் கட்டியது பெட்ரூஸ் உஸ்கானின் பணம்தான், அது உண்மை. ஆனால் அவரைப் பெற்றவர்கள் இருந்தார்கள், ஏற்றுக்கொண்ட ஊர் இருந்தது, கப்பலைக் கவிழ்க்காத காற்று இருந்தது. கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர் கல்வெட்டில் இல்லை. இணைச்சட்ட நூலின் 8ஆம் அதிகாரத்தில் மோசே இதைத்தான் எச்சரிக்கிறார். நல்ல வீடு கட்டிக் குடியேறி, ஆடுமாடும் பொன்னும் பெருகிய பிறகு, என் கையின் வலிமையே இதைச் சம்பாதித்தது என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்ளாதே. சம்பாதிக்கும் வலிமையே அவர் தந்தது என்கிறார். மோசே உழைப்பைக் குறை சொல்லவில்லை. உழைக்கும் கைக்குள் ஓடும் இரத்தம் யார் தந்தது என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்வி கடினமானது. எனக்குக் கிடைத்தது கடவுளின் ஆசீர் என்றால், கிடைக்காதவனைக் கடவுள் ஒதுக்கிவிட்டாரா?

பெட்ரூஸ் உஸ்கானின் வாழ்க்கையில் அடுத்த பகுதியைப் பாருங்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. அவருடைய சொத்துகள் பறிபோயின. அப்போது புதுச்சேரியின் ஆளுநராக இருந்த டூப்ளே, தம் பக்கம் வந்து புதுச்சேரியில் குடியேறினால் சொத்துகளைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். தமக்கு வாழ்வு கொடுத்தவர்களை நெருக்கடியில் கைவிடுவது நன்றிகெட்ட செயல் என்று கருதினார்.

இருபது ஆண்டுகளுக்கு முன் பாலம் கட்டியபோது இருந்த செல்வந்தர் அல்ல இப்போது இருப்பவர். அவருடைய மன எண்ணங்களை நாம் படிக்க முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது: செல்வம் இருந்தபோது மட்டும் அவர் நன்றியுள்ளவராக இருக்கவில்லை, இழந்தபோதும் இருந்தார். வெற்றி என்பது கடவுள் தரும் நன்னடத்தைச் சான்றிதழ் என்றால், 1746-இல் கடவுள் அவரைக் கைவிட்டார் என்றல்லவா சொல்ல வேண்டும்? யோபுவின் நண்பர்கள் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். கடவுள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை.

எனவே, ‘கடவுள் எனக்குத் தந்தார்’ என்று சொல்லும்போது, ‘உனக்குத் தரவில்லை’ என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இருவரில் ஒருவர் நிரந்தரமாகி, மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளராகவே இருப்பது மனிதர் வகுத்த ஏற்பாடு. அந்தப் பழியைக் கடவுள்மேல் போடக் கூடாது. கடவுள் ஒருவர் கையில் தருவது அவரோடு நின்றுவிட அல்ல. அவர் வழியாக இன்னொருவரும் கரையேறத்தான். பாலத்தின் மேல் கட்டியவர் மட்டுமா நடந்தார்? திருப்பயணியும் நடந்தார், தலைச்சுமைக்காரரும் நடந்தார்.

1749-இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பெட்ரூஸ் உஸ்கான் 1751 சனவரி 15-இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய விருப்பப்படி அவரது இதயம் பிறந்த ஊரான ஜூல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது என்பர். உடலை அவர் பேணி வளர்த்த வேப்பேரி அற்புத அன்னை சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டே, 1752-இல், அந்தச் சிற்றாலயம் கத்தோலிக்கர் கையைவிட்டுப் போனது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் புனித மத்தியாஸ் ஆலயம். அங்கே வேறு சபையைச் சேர்ந்த நம் சகோதரர்கள் செபிக்கிறார்கள். அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. நாம் இறைவனுக்குக் கொடுத்தது எங்கே போய்ச் சேரும் என்பதுகூட நம் கையில் இல்லை.

அந்த வீட்டுக்காரரிடம் அன்று நான் இவ்வளவும் சொல்லவில்லை. “எழுதுங்கள், ஆனால் உங்களோடு வேலைக்குச் சேர்ந்த அந்த நண்பர் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரும்போது, அந்த எழுத்தைப் பார்த்து அவருக்கும் நன்றி சொல்லத் தோன்ற வேண்டும்” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவன் பொண்ணுக்கு இந்த வருஷம் காலேஜ் ஃபீஸ் இருக்கு, ஃபாதர்” என்றார்.

தேர்வில் வெற்றி, வேலை உயர்வு, புது வண்டி என்று நன்றித் திருப்பலிக்குக் கருத்து எழுதிக் கொடுக்கும்போது, நாமும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இந்த வெற்றியில் யாருடைய பெயரை நான் எழுதாமல் விட்டேன்? இதன்மேல் நடந்து இன்னும் யார் கரையேறலாம்?

செபிப்போம். எல்லா நன்மைகளுக்கும் ஊற்றான இறைவா, எங்கள் கைகளுக்கு வலிமை தந்தவர் நீரே. பெற்றதை எங்கள் பெருமை என்று பூட்டி வைக்காமலும், இழந்ததை உமது கோபம் என்று எண்ணாமலும் வாழ வரம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.