மருட்கை

‘மருள்’ என்னும் வினையடியோடு ‘கை’ விகுதி சேர்ந்து மருட்கை ஆயிற்று. ‘வேள்’ வேட்கை ஆனது போல. மருளுதல் என்றால் மயங்குதல். அதன் எதிர்ச்சொல் தெருள், அதாவது தெளிவு. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை வைக்கிறது. அங்கே அதன் பொருள் வியப்பு. அறிவுக்கு எட்டாததன் முன் மனம் திகைத்து நிற்பது.

புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கிலிருந்து மருட்கை பிறக்கும் என்கிறது அந்நூல். அறிவியலாளரின் வியப்பும் இந்த நான்கில் அடங்கிவிடுகிறது. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் புதுமை. ஆந்திரமீடா நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் மண்டலம் என்று 1924-இல் ஹபிள் உறுதிசெய்தது பெருமை. 1911-இல் ரூதர்ஃபோர்டு அறிவித்த அணுக்கரு சிறுமை. தோரியம் தானாகவே வேறு தனிமமாக மாறுவதை அவரும் வேதியியலாளர் சாடியும் கண்டது ஆக்கம்.

புதிரை உணர்வதே மெய்யான கலைக்கும் அறிவியலுக்கும் பிறப்பிடம் என்று 1930-இல் எழுதினார் ஐன்ஸ்டைன். அந்த உணர்வையே தம் சமய உணர்வாகவும் கொண்டார்.

மருட்கை அறியாமையின் பெயர் அன்று; தெருளுக்குப் போகும் வழியின் முதல் படி.