பொன்னேரிக் கரையும் அப்பாயியின் நடைவழியும்

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கோபுரம் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். நடந்து போகிறவர்களுக்கு அப்படியில்லை. முந்திரிக் காடு முடியும் இடத்தில் விரல் அளவு தெரியும். பொன்னேரிக் கரை ஏறினால் ஒரு சாண். கரையிலிருந்து இறங்கி வயல்வெளிக்கு வந்தால் ஆள் உயரம். என் அப்பாயி, "இன்னும் ஒரு முழம் வளந்தா கோயிலு" என்று சொல்லித்தான் என்னை நடக்க வைப்பாள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. 1964 என்று நினைவு.

எங்கள் ஊர் ஏரிக்கு மேற்கே. அங்கிருந்து கோயிலுக்கு நாங்கள் நடந்த அந்த வழியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கரையைச் சொல்ல வேண்டும். குருவாலப்பர்கோயில் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும். இப்போது பொன்னேரி என்கிறோம். ராஜேந்திர சோழன் வைத்த பெயர் சோழகங்கம். கங்கை வரை படை அனுப்பி வென்றதன் நினைவாக, கல்லில் தூண் நடாமல் நீரால் ஆன வெற்றித் தூணாக இந்த ஏரியை அவன் நிறுவினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 1855-ல் வெளியான தென்னிந்திய கெஜட்டியரில் இந்தக் கரை 16 மைல் நீளம் என்றும், கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் வாய்க்கால் வெட்டி இதற்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. இன்று நாம் பார்ப்பது அதில் மிச்சம்தான்.

படிக்கும் புத்தகங்களில் ஏரிக்கரை என்றால் பாசனம் மட்டும்தான் வரும். நடந்தவர்களுக்குத் தெரியும், அதுதான் அந்தக் காலத்து மேட்டுச் சாலை. ஐப்பசி, கார்த்திகையில் வயல் வழியாகக் கால் வைக்க முடியாது, முழங்கால் வரை சேறு. கரை மட்டும் காய்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் போகிறவர், சந்தைக்குக் கூடை சுமப்பவர், பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலில் தூக்கிப் போகிறவர் எல்லாருக்கும் அதுதான் வழி.

ராஜேந்திரன் காலத்துத் தலைநகரில் பெரிய சாலைகள் இருந்தன. ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி என்று கல்வெட்டுகளில் பெயர் வருகிறது. கோட்டை வாசல்களில் ஒன்றுக்கு வேம்புக்குடி வாசல் என்று பெயர். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த செய்தி. கடாரம் வரை கப்பல் அனுப்பியவன் தலைநகரில் ஒரு வாசலுக்கு, அந்த வழி எந்தச் சிற்றூருக்குப் போகிறதோ அதன் பெயர். வேம்புக்குடி இன்றும் தெற்கே இருக்கிறது. வாசல்தான் இல்லை.

வாசல் மட்டுமா இல்லை? அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் 1980 முதல் தொல்லியல் துறை தோண்டியபோது வெளிவந்தவை செங்கல் அடித்தளங்களும் கூரை ஓடுகளும் சீனப் பானை ஓடுகளும்தான். அரண்மனைச் செங்கலை ஊர் ஊராகப் பெயர்த்து வீடு கட்டிவிட்டார்கள். கோயில் மதிலின் கருங்கல் கொள்ளிடத்துக்குப் போனது. 1836-ல் அணைக்கரையில் கீழணை கட்டியபோது கல்லுக்காகச் சுற்றுமதிலை ஏறக்குறைய முழுதும் இடித்தார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்களாம். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னதும் சொன்னபடி நடக்கவில்லை என்று அதே கெஜட்டியர் வெள்ளைக்காரன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த அணைத் தண்ணீரில்தான் வீராணம் நிரம்புகிறது, ஆகவே முழுதாகத் திட்டவும் மனம் வரவில்லை.

மதிலைப் பெயர்த்தால் யாராவது எழுதி வைக்கிறார்கள். பாதை போனால் யாரும் எழுதுவதில்லை.

இது எனக்கு உறைத்தது இங்கிலாந்தில். மகள் வீட்டில் இருந்தபோது ஸ்டூர் என்ற சின்ன ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள். டெட்ஹாம் என்று ஒரு ஊர். கான்ஸ்டபிள் என்ற ஓவியர் பையனாக இருந்தபோது ஆற்றுப் புல்வெளி வழியாக நடந்து இந்த ஊர்ப் பள்ளிக்கு வந்தாராம். 200 வருஷத்துக்கு மேல் ஆகியும் ஜனங்கள் அந்தப் புல்வெளியில் நடக்கிறார்கள். நம் கொள்ளிடம் மாதிரி அகலமெல்லாம் கிடையாது, நம்மூர் வாய்க்காலை விடக் கொஞ்சம் பெரிது. ஓர் இடத்தில் பாதை நேராகக் கோதுமை வயலுக்குள் போனது. நான் தயங்கி நின்றேன். அடுத்தவன் வயலில் எப்படி இறங்குவது? மகள் சிரித்தாள்: "அப்பா, இது பொதுவழி. உழுதாலும் 14 நாளுக்குள்ள ஒரு மீட்டர் அகலத்துக்குத் திரும்ப வழி விடணும், இங்க சட்டம்." வேலி வந்த இடத்தில் மாடு நுழையாமல் ஆள் மட்டும் நுழையும்படி ஒரு மரக்கதவு. நம் பக்கத்தில் கவட்டைக் கட்டை நடுவோமே, அதன் அண்ணன் தம்பி.

அவர்களுக்கும் இது சும்மா வந்துவிடவில்லை. 1932-ல் கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் பிரபுக்கள் வேட்டைக்கு அடைத்து வைத்திருந்த நிலத்தில் ஆலைத் தொழிலாளிகள் கூட்டமாக ஏறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-ல் சட்டம் வந்து, ஒவ்வொரு பகுதியும் தன் நடைவழிகளை வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆயிற்று.

நம்மிடம் வரைபடம் இல்லையா? நான் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன், எனக்கே இந்தக் கேள்வி வெட்கமாக இருந்தது. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை இரட்டைப் புள்ளிக் கோடு, நடைபாதை ஒற்றைப் புள்ளிக் கோடு. அ-பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால் அது பொதுச் சொத்து, யாரும் நடக்காவிட்டாலும் பொதுதான். சிக்கல் பட்டா நிலத்துக்குள் போகும் வழிகளில். 1882-ம் வருஷத்து வசதி உரிமைச் சட்டப்படி, இன்னொருவர் நிலத்தின் வழியாக 20 வருஷம் தடையில்லாமல், உரிமையோடு நடந்தால் அந்த வழி உங்களுக்கு உரிமையாகும். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: 20 வருஷம் அனுபவிக்காமல் விட்டால் உரிமை போய்விடும். பத்திரம் எழுதுவதும் கால்தான், அழிப்பதும் கால்தான். பஸ் வந்தது, பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது, கால் நின்றுவிட்டது.

போன தை மாதம் அந்த வழியில் மறுபடி நடந்து பார்த்தேன். முந்திரிக் காட்டில் வழி இருக்கிறது, கொட்டை பொறுக்குகிறவர்கள் நடப்பதால். ஏரியை ஒட்டிய இடத்தில் சீமைக்கருவேல் மண்டி, குனிந்து போக வேண்டியிருந்தது. கரை மேலே நன்றாக இருந்தது, காற்றும் இருந்தது, கோபுரமும் ஒரு சாண் அளவில் அதே இடத்தில் இருந்தது. இறங்கின பிறகுதான் கம்பி வேலி. வேலிக்குள் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா, "பெரியவரே, எங்க போறீங்க?" என்றார். கோயிலுக்கு என்றேன். "ரோட்டால போகலாமே" என்றார். அப்பாயி கதையைச் சொன்னேன். கம்பியைக் காலால் மிதித்துத் தாழ்த்தி, "வாங்க, நான் வாக்கப்பட்டு வந்தப்ப இங்கதான் நடந்து வந்தேன்" என்று உள்ளே விட்டார்.

வேலி போட்டவர் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. வழி புறப்படும் இடம் எங்கள் சொந்தக் கொல்லையின் ஓரம். அப்பா ஒவ்வொரு ஆடியிலும் ஒரு சால் கூடுதலாக ஓட்டுவார். ஒரு சால்தான். அப்பாயி திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "நடக்குற தடத்தை உழுறியேடா" என்று கத்துவாள். அவர் காதில் வாங்கியதே இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு நான் குத்தகைக்கு விட்டேன், டிராக்டர் வந்தது, மிச்சமிருந்ததும் போயிற்று. ஊர் ஊராக அடுத்தவர் எல்லையை அளந்து கல் நட்டுவிட்டு, என் கொல்லை ஓரத்தை 30 வருஷமாக நான் அளந்ததில்லை.

இந்த ஆடியில் புல வரைபடத்தை எடுத்துப் போய் நாடா பிடித்தேன். எங்கள் வரப்பு நான்கரை அடி உள்ளே வந்திருந்தது. உழ வந்த தம்பியிடம், குச்சி நட்ட இடத்துக்கு இந்தப் பக்கமே கலப்பையை இறக்கு என்றேன். "ஏன் பெரியப்பா, நெலம் சும்மா கெடக்குமே, யாரு இதுல நடக்கப் போறா?" என்றான். சாயங்காலம் நான் ஒருமுறை நடந்தேன், மறுநாள் ஒருமுறை. மூன்றாம் நாள் யாரோ ஆடு ஓட்டிப் போன குளம்படி தெரிந்தது.