கேமரன் மலை ஏறிய கண்ணாடிப் பொடி

கண்ணாடியைப் பொடித்துப் பல்லில் வைக்கலாம் என்ற யோசனை லண்டனில், அரசு வேதியியல் ஆய்வகத்தில் பிறந்தது. புகையிலைக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க 1842-ல் தொடங்கிய இடம் அது. 1960களின் கடைசியில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் அங்கே ஃபுளோரைடு கலந்த கண்ணாடித் தூளைப் பாலி அக்ரிலிக் அமிலத்தில் குழைத்துப் பார்த்தார்கள். முதலில் கிடைத்த பசை சரியாக இறுகவில்லை. டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்த பிறகே வழிக்கு வந்தது. நம் வீட்டுப் புளியின் புளிப்புக்குக் காரணமும் அதே அமிலம்தான். இப்படி உருவானது கிளாஸ் அயனோமர் சிமென்ட்.

பல்லிலுள்ள கால்சியத்தைப் பற்றி ஒட்டிக்கொள்வது இதன் தனிக்குணம். பழைய பாதரசக் கலவையான அமால்கம் ஒட்டாது. அதைத் தங்கவைக்க நல்ல பல்லையும் சேர்த்துக் குடைந்து, அடி அகன்ற குழி பறிக்க வேண்டும். ஒட்டும் பொருள் கிடைத்ததும் குடைச்சல் குறைந்தது. குடைச்சல் இல்லையென்றால் இயந்திரமும் மின்சாரமும் வேண்டாம். பெரும்பாலும் மரப்பு ஊசியும் வேண்டாம்.

1980களின் நடுவில் தான்சானியாவில் யோ ஃபிரெங்கன் என்ற டச்சுப் பல் மருத்துவர், சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி அடைக்கும் முறையைத் தொடங்கினார். அப்போது அடைத்தது வேறொரு சிமென்ட். 1991-ல் தாய்லாந்துக் கிராமங்களில் நடந்த சோதனையில் கண்ணாடிப் பொடி அந்த முறையோடு சேர்ந்தது. 1994 ஏப்ரல் 7, உலக சுகாதார நாளன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது.

மலேசியாவில் இந்த வேலைக்கான கைகள் முன்பே தயாராக இருந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பல் தாதியரை உருவாக்கும் பயிற்சிப் பள்ளி 1949-ல் பினாங்கில் தொடங்கியது. நியூசிலாந்து 1921-லிருந்து நடத்திவந்த ஏற்பாடுதான் அதற்கு முன்மாதிரி. அந்தத் தாதியர் இன்று பல் சிகிச்சையாளர்கள் என்ற பெயரில் பணிபுரிகிறார்கள். தோட்டத்து வாய்மொழியில் 'பல் மிஸ்ஸி'.

1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து மலேசியாவின் கேமரன் மலையின் தேயிலையில் தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது. தேயிலைச் செடி மண்ணிலுள்ள ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும். ஆனால் அந்த இலை பிள்ளைகளின் கோப்பைக்கு வரும்போது கட்டிப்பாலும் சீனியும் கூடவே வருகின்றன. மலையில் மட்டுமல்ல, நாடெங்கும் இதே கதை: 2015 தேசிய ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல், 2005-ல் 76.2. பத்து ஆண்டுகளில் இறங்கியது அவ்வளவுதான்.

அரசுப் பல் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில், ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் போதும். சின்னக் கண்ணாடியைக் கன்னத்துக்குள் நுழைத்து, நுனி குழிந்த கருவியால் மிஸ்ஸி மென்மையான சொத்தையை வழித்தெடுக்கிறார். பஞ்சால் ஈரத்தை ஒற்றுகிறார். காகித அட்டையில் ஒரு கரண்டிப் பொடி, ஒரு சொட்டுத் திரவம். அரை நிமிடத்துக்குள் குழைத்து, வாஸ்லின் தடவிய விரலால் பல்லில் அழுத்துகிறார். “கடிச்சுக் காட்டு. ஒரு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடக் கூடாது, சரியா?” அழத் தயாராக வந்த பிள்ளை அதற்குள் எழுந்துவிடுகிறது.

'பால்பல்தானே, விழுந்து முளைக்கும்' என்பது நம்மிடையே பழகிப்போன சமாதானம். கடைவாய்ப் பால்பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அதுவரை வலியோடு வாழ்வது யார்? இந்த வலியின் பாதிப்பை அளக்க 2007-ல் வட கரோலினாவில் 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று வந்தது. மலாய் மொழியிலும் இருக்கிறது. பிள்ளை தூங்கியதா, சாப்பிட்டதா, சொல் தெளிவாக வந்ததா, சிரிக்கத் தயங்கியதா என்று பெற்றோரிடம் கேட்கிறது. நீங்கள் வேலைக்குப் போக முடியாமல் போனதா என்பதும் ஒரு கேள்வி. கொழுந்தை நிறுத்துக் கூலி வாங்கும் வீட்டில் அந்தக் கேள்விக்கான பதில் நேரே சம்பளத்தில் தெரியும்.

பொடிக்குக் குறையும் உண்டு. பல்லின் ஒரு முகத்துச் சொத்தையில் நன்றாக நிற்கும். இரண்டு பற்களுக்கு இடையே பரவிய சொத்தையில் சீக்கிரம் பெயரும். சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் இது உதவாது, வேறு சிகிச்சை வேண்டும். ஆனாலும் 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பிடித்தது. மறு ஆண்டே மினமாட்டா பாதரச ஒப்பந்த நாடுகள், பால்பற்களிலும் 15 வயதுக்குட்பட்டோருக்கும் அமால்கம் வைப்பதைக் கட்டுப்படுத்த முடிவெடுத்தன.

இந்தப் பொடி வலிக்குப் பின் வரும் மருந்தல்ல, வலிக்கு முன் வர வேண்டியது. கரும்புள்ளி தெரியும் வாரத்திலேயே காட்டினால் பல் பிழைக்கும். வீங்கிய கன்னத்தோடு கேமரன் மலையின் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடினால் பெரும்பாலும் பிடுங்குவதுதான் மிஞ்சும்.