கெடா தோட்டங்களில் மலேரியா ஒட்டுண்ணி

கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த காலத்தில், காடு அழிந்ததே காய்ச்சலுக்கு வழி திறந்தது. நிழல் போன மலையோரச் சிற்றோடைகளில் வெயில் விழவும் அனாபிலிஸ் மாக்குலாட்டஸ் கொசு பெருகியது. தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தொழிலாளர் லயங்களில் நெருங்கி வாழ்ந்ததால் பால்சிபாரம், வைவாக்ஸ் என்னும் இரு ஒட்டுண்ணிகளும் ஆள்விட்டு ஆள் தாவின. கிள்ளானில் 1901 முதல் மால்கம் வாட்சன் நடத்திய வடிகால் பணி மலாயாத் தோட்டங்களுக்கு முன்மாதிரியானது, கூடவே கொய்னா மருந்தும் தரப்பட்டது.

பின்னர் வந்த குளோரோகுயின் மலிவானது, வலிமையானது. ஆனால் அதற்கு அடங்காத பால்சிபாரம் 1963இல் மலாயாவிலும் பதிவானது. மருந்தை வெளியேற்றும் மரபணு மாற்றம் உலகில் ஒரு சில இடங்களிலேயே தோன்றியது. தென்கிழக்காசிய வழித்தோன்றல் 1970களின் இறுதியில் ஆப்பிரிக்காவை எட்டிப் பரவியது.

இவற்றைவிட விந்தையானது குரங்கின் ஒட்டுண்ணியான நோலசி. சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குப் போன ஒரு குரங்கில் அது கண்டறியப்பட்டது. 1932இல் ஆய்வாளர்கள் நோலஸும் தாஸ்குப்தாவும் மனிதருக்கும் அது தொற்றும் எனக் காட்டினர். 1965இல் பகாங் காட்டுக்குச் சென்றுவந்த ஓர் அமெரிக்கருக்கு இயற்கையாகவே தொற்றியது. பிறகு மறந்துபோனார்கள். 2004இல் பல்பீர் சிங் குழுவினர் சரவாக்கின் காப்பிட்டில் 208 நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தபோது 120 பேரிடம் நோலசி இருந்தது. நுண்ணோக்கியில் அது மலேரியே என்னும் மனித ஒட்டுண்ணி வகை போலவே தெரியும். ஆனால் மலேரியே 72 மணிக்கொருமுறை பெருகுவது, நோலசியோ 24 மணியில் பெருகி உயிரையும் பறிக்கும்.

இதைப் புதிய நோய் என்பது பொருந்தாது. தென்கிழக்காசியாவில் மனிதர் குடியேறுமுன்பே இவ்வினம் குரங்குகளில் இருந்ததை மைட்டோகாண்ட்ரிய மரபணுக்கள் காட்டுகின்றன. போர்னியோவில் நெடுவால் கெரா குரங்கிடம் நோலசியின் ஒரு மரபுக் கூட்டம், தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்கிடம் இன்னொன்று. தீபகற்பத்தில் உள்ளது மூன்றாவது. இரு குரங்குகளும் பாலிங், சிக் காட்டோரங்களிலும் திரிகின்றன. செம்பனையும் ரப்பரும் காட்டைத் தொடும் இடத்தில்தான் கொசு இரு தரப்பையும் கடிக்கிறது.

2018இல் மலேசியாவில் மனித ஒட்டுண்ணிகளால் உள்ளூரில் பரவிய மலேரியா ஒன்றுகூட இல்லை. நோலசியோ ஆயிரக்கணக்கில் பதிவானது. குரங்குக்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை. எதிர்ப்பை வளர்க்கும் நெருக்கடி இல்லாததால், பால்சிபாரத்திடம் தோற்ற குளோரோகுயினுக்கு நோலசி இன்றும் அடங்குகிறது.